முளைக்காத பல்

பிள்ளைக்குப் பால் புகட்டும் பாலாடையை இன்னொரு தடவை வெந்நீரில் அலசிக்கொண்டு வந்து மடியில் வைத்துக்கொண்டாள் ஜெசிந்தா. அலச வேண்டிய தேவையே இல்லை, காலையிலேயே கொதிக்க வைத்தாயிற்று. ஆனாலும் கை சும்மா இருந்தால் மனசு எங்கெங்கோ போய்விடுகிறது, கைக்கு ஒரு வேலை கொடுத்தால் மனசும் அதன் பின்னாலேயே நாய்க்குட்டி மாதிரி வந்துவிடும் என்று நினைத்தாள். நினைத்த உடனேயே ஏன் நாய்க்குட்டி என்று இருந்தது, எதைத் தொட்டாலும் அங்கேதான் போய் முட்டுகிறது. பச்சிளங்குழந்தை வார்டின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே போட்டிருந்த நீள பெஞ்சில் அவளைப் போலவே நாலைந்து பெண்கள், யாரும் சம்மணம் போட முடியாமல், ஒருக்களித்தும் சாய்ந்தும், கதவையே பார்த்துக்கொண்டு. கதவு திறக்கும். நர்ஸ் தலையை மட்டும் நீட்டி "செல்வராணி பேபி" என்பாள். செல்வராணி எழுந்து, தையல் இழுக்க, ஓடுவதா நடப்பதா என்று தெரியாத ஒரு நடையில் உள்ளே போவாள். பிள்ளைகளுக்கு அங்கே பேர் கிடையாது, அம்மா பேர்தான். பெருவிரல் பருமன்கூட இல்லாத காலில் சுற்றிய பட்டையில் பேபி ஆஃப் ஜெசிந்தா என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள், பட்டை கழன்று விழுந்துவிடாமல் இருக்க மேலே ஒரு பிளாஸ்திரி, பிளாஸ்திரி ஒட்டிய இடத்தில் தோல் சிவந்திருந்தது, அதை நேற்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு மூக்குக் குழாயை எடுத்துவிட்டு வாயில் கொடுத்துப் பார்ப்போம், விழுங்கிவிட்டால் நல்லது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். விழுங்காவிட்டால் என்ன என்று ஜெசிந்தா கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே என்ற பயம். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், கான்வென்டில் பரீட்சைத் தாளைத் திருத்திக் கொடுத்தால் மார்க்கைப் பார்க்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் நடப்பாள், பார்க்காத வரைக்கும் அது இன்னும் எதுவாகவும் ஆகவில்லை என்று.

பேபி ஆஃப் ஜெசிந்தா. அந்த எழுத்தை முதல் முதலாகப் பார்த்தது இங்கே இல்லை, அதுதான் அவளைப் போட்டு அரித்தது. இரண்டு வருசத்துக்கு முன்னால், சென்னையில், யுனிவர்சிட்டிக்குப் பக்கத்துத் தெரு ஸ்கேன் சென்டரில், நெஞ்சுச் சளிக்கும் முதுகு வலிக்கும் வந்து உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு நடுவே, மடியில் ஒரு பிஸ்கட் டப்பாவோடு அவளும் உட்கார்ந்திருந்தாள். டப்பாவுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் ஒரு கீழ்த்தாடை, ஆந்திர எல்லையில் ஒரு சுண்ணாம்புக் குகையிலிருந்து வந்த கல்லுக்குள் கிடந்தது, சுண்டுவிரல் நீளம். கல்லானதைக் கல்லான பிறகும் உள்ளே பார்க்க வேண்டுமென்றால் மனுசரைப் படம் எடுக்கும் மெஷினில்தான் எடுக்க வேண்டும், அவள் ஆராய்ச்சி செய்கிற தொல்லுயிரியல் டிபார்ட்மென்டில் அப்படித்தான் வழக்கம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆள் குறைந்ததும் இரக்கப்பட்டு உள்ளே விடுவார்கள். டெக்னீஷியன் பையன் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, "பேஷன்ட் பேர் சொல்லுங்க மேடம்" என்றான். பேஷன்ட் இல்லைப்பா, இது ஒரு எலும்பு, நாய் மாதிரி ஒன்று, இப்போ உலகத்தில் இல்லாத ஒன்று. "அதெல்லாம் எனக்குத் தெரியும் மேடம், போன மாசம் ஒரு சார் முதலைத் தலையைத் தூக்கிட்டு வந்தாரு. பேர் போடாம மெஷின் எடுக்காது." பேர் வைக்கவில்லையே. "அப்போ பேபின்னு போட்டுக்கறேன். உங்க பேர் என்ன? ஜெசிந்தாவா? பேபி ஆஃப் ஜெசிந்தா. வயசு?" நாற்பதாயிரம் இருக்கும் என்றாள். பையன் சிரித்தான். "மூணு கட்டம்தான் இருக்கு மேடம். சைபர்னு போடறேன்." அவளும் சிரித்தாள். அத்தனை நாள் கழித்து முதல் முதலாகச் சிரிப்பு வந்தது அன்றைக்குத்தான். படம் வந்து, மூலையில் வெள்ளை எழுத்தில் பேபி ஆஃப் ஜெசிந்தா, வயசு சைபர் என்று பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குள் அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்து, போயும் போயிருந்தது. யாரும் அந்தப் பையனிடம் சொல்லியிருக்க முடியாது.

"யக்கா, ஒங்களுக்கு இன்னும் கூப்பிடலியா?" பக்கத்தில் இருந்த முப்புடாதி. பீடிக்கடைக்காரர் வீட்டு மருமகள், இருபது வயசுகூட இருக்காது, இரட்டைப் பிள்ளை பெற்று இரண்டையும் உள்ளே விட்டுவிட்டு, வெளியே இருக்கிற எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பவள். ஜெசிந்தா இல்லை என்று தலையாட்டினாள். "பேராச்சும் வச்சாச்சா?" அதற்கும் தலையாட்டினாள். "எங்க மாமியா என்னா சொல்லுதாவ தெரியுமா? பொழைக்கிற வரைக்கும் நல்ல பேரு வைக்கக் கூடாதாம். ஒண்ணுக்குக் குப்பை, ஒண்ணுக்குப் பிச்சை. எமன் வந்து, சீ, நாறப் பேரா இருக்கேன்னு தாண்டிப் போயிருவானாம். நம்ம ஊரு எமனுக்கு அம்புட்டு வெவரம் பத்தாது போல." சொல்லிவிட்டு அவளே குலுங்கிச் சிரித்து, தையல் இழுக்க, ஆ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவள் குனிந்தபோது கொண்டையில் வைத்திருந்த மல்லிகை ஜெசிந்தாவின் முகத்துக்கு நேரே வந்தது. ஜெசிந்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

மல்லிகை அவளுக்குப் பூ இல்லை. முதல் பிள்ளை போன மறுநாள், பால் கட்டி, நெஞ்சு கல்லாகி, காய்ச்சல் வந்தபோது, அத்தை, அவள் மாமியார், இரண்டு முழம் மல்லிகையை உதிர்த்து மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள், பால் வற்ற. பூ சூட்டில் வெந்து கறுத்து, சாயங்காலம் அவிழ்க்கும்போது அழுகின வாசனையும் பால் வாசனையும் ஒன்றாகச் சேர்ந்து வரும், மறுபடி புதுப் பூ. வற்றவில்லை. பாலுக்கென்று ஒரு புத்தி, குடிக்க யாரும் இல்லை என்று அதற்குச் சொன்னால் புரியவில்லை. லீவு போதும் என்று லேபுக்குத் திரும்பி, வினிகர் நெடியடிக்கிற அமிலத் தொட்டியில் கல்லைக் கரைத்துக் கரைத்து, பூதக்கண்ணாடிக்கு அடியில் ஊசியால் ஒவ்வொரு மணலாய்த் தள்ளிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், பழுப்பாய், நெல்மணி மாதிரி, ஒரு பல் எட்டிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து நெஞ்சு சுரந்து ரவிக்கை நனைந்து மேஜை விளிம்பில் சொட்டியது. கல்லுக்குள் நாற்பதாயிரம் வருசம் கிடந்த ஒன்றுக்கும், ஒன்றுமே இல்லாததற்கும், இரண்டுக்குமாகச் சேர்த்துச் சுரந்தது போல. அப்போது அவளுக்கு அது பால்பல் என்று தெரியாது. அதுதான் அவள் செய்த பிழை. நாயினத்தில் இது எல்லாரும் வழுக்கி விழுகிற இடம், குட்டியின் கடைசிப் பால்பல் வளர்ந்த நாயின் கறி வெட்டும் பல்லை அப்படியே சின்னதாய்ச் செய்த மாதிரி இருக்கும், அம்மா சாயலில் பிள்ளை இருக்கிற மாதிரி. அவள் பல்லை அளந்தாள், ஓநாயோடு வைத்துப் பார்த்தாள், செந்நாயோடு, நரியோடு, எதோடும் சேரவில்லை, எல்லாவற்றையும்விடப் பாதி. வளர்ந்த நாய்தான், ஆனால் குள்ள நாய், புது இனம் என்று எழுதிவிட்டாள். கமலநாதன் சார், அவளுக்கு வழிகாட்டி, முப்பது வருசமாக எலும்போடு பேசுகிறவர், அவரும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்து, "குள்ளன்தான்மா, குள்ளன்தான்" என்று மேஜையில் தட்டினார். அப்புறம்தான் அந்த ஸ்கேன்.

படத்தில், நெல்மணிப் பல்லுக்குப் பின்னால், தாடை எலும்பின் உள்ளே, இருட்டில், இன்னொரு பல் இருந்தது. பெரியது. முழுசாய் உருவாகி, மேடு பள்ளம் எல்லாம் தீர்ந்து, வேர் மட்டும் இன்னும் விடாமல், மேலே ஏறி வரத் தயாராக நின்றிருந்தது. வெளியே வரவே இல்லை. குள்ளனும் இல்லை கிள்ளனும் இல்லை, பெரிய நாயாக வளர இருந்த ஒரு பச்சைக் குட்டி. சார் போனில் "பச்சப் புள்ளையைப் போயி குள்ளன்னு சொல்லிட்டோமேம்மா" என்றார். ஆனால் அந்த முளைக்காத பல்லைத்தான் அப்புறம் ஒரு வருசம் உட்கார்ந்து படித்தார்கள். பின்மேட்டில் ஓநாய்க்கு இரண்டு முகடு இருக்கும், செந்நாய்க்கு ஒன்று. இதற்கு ஒன்றும், பக்கத்தில் ஒரு அரையும். ஓநாய்ப் பக்கமும் இல்லாமல் செந்நாய்ப் பக்கமும் இல்லாமல், இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்தில் நின்றது. புது இனம்தான், முதலில் சொன்னது சரிதான், காரணம்தான் தப்பு. உலகத்தில் அதில் ஒன்றே ஒன்றுதான் கிடைத்திருக்கிறது, அதுவும் ஒரு குட்டி, அதுவும் அதன் வெளிவராத பல். அதைவைத்து ஒரு முழுக் குலத்துக்குப் பேர் வைக்க வேண்டும். இதைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று அப்போது ரொம்ப ஆசையாக இருந்தது. பென்னியிடம், அவள் வீட்டுக்காரனிடம், சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். அந்த மாசம்தான் இப்போது உள்ளே கிடக்கிற இவள் வயிற்றில் தங்கினாள்.

மடியில் போன் அதிர்ந்தது. சார். எடுக்கவில்லை. காலையிலேயே எழுதியிருந்தார்: கட்டுரை அச்சுக்குப் போகிறது, பேர் இருக்க வேண்டிய இடத்தில் இன்னும் கோடுதான் இருக்கிறது, சாயங்காலத்துக்குள் சொல்லு. கண்டுபிடித்தவர் தன் பேரைத் தானே வைத்துக்கொள்வது மரியாதை இல்லை, அதனால் உன் பேர் வேண்டாம், உன் பிள்ளை பேரையே வைத்துவிடலாம், சந்தோசமான விசயம்தானே, என்ன பேர் வைத்திருக்கிறீர்கள்? அவர் நல்லவர். பிள்ளை பிறந்தது அவருக்குத் தெரியும், மாசம் நிறையும் முன்னாலேயே பிறந்தது தெரியாது. அழிந்துபோனவைகளின் வரிசையில் கொண்டுபோய் உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறவளின் பேரை எழுதுவதா. எழுதினால் நாளைக்கு யாராவது ஒரு இழுப்பறையைத் திறந்து, பஞ்சை விலக்கி, அந்தப் பேரைப் படித்து, ஆமாம், இது ஒன்றுதான் கிடைத்தது என்று சொல்வார்கள். சீ, என்ன நினைப்பு. சிலுவை போட்டுக்கொண்டாள். போட்ட கை பாலாடையில் இடித்து டங் என்றது, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

உண்மையில் பேர் இருந்தது. அதுதான் யாருக்கும் தெரியாது. வயிற்றில் முதல் தடவை புரண்டபோதே வந்துவிட்டது, வந்ததும் அதை நாக்குக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். கான்வென்டில் எட்டாம் வகுப்பில் கூடப் படித்த ஒருத்தியின் பேர். அவள் தோழிகூட இல்லை. சுவரேறிக் குதித்து நெல்லிக்காய் வாங்கி வருகிறவள், மஞ்சள் காமாலையில் கிடந்து, எல்லாரும் ஜெபமாலை சொல்லி, இனிமேல் வரமாட்டாள் என்று டீச்சரே சொன்ன பிறகு, ஒரு திங்கட்கிழமை மொட்டைத் தலையோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவள். சிஸ்டர் வருகைப் பதிவு எடுக்கையில் அந்தப் பேரைத் தாண்டிப் போகப் பார்த்தார், பழக்கத்தில். பின்னாலிருந்து கூரை அதிர ஒரு சத்தம், "பிரசென்ட் சிஸ்டர்!" கூப்பிடாமலேயே. அந்தச் சத்தம்தான் வேண்டும் ஜெசிந்தாவுக்கு, பேர்கூட இல்லை, அந்தச் சத்தம். ஆனால் வெளியே சொல்லிவிட்டால் அது பேராகிவிடும், பேரானால் ஒருத்தியாகிவிடுவாள், ஒருத்தி என்றால் போகவும் முடியும். பேபி ஆஃப் ஜெசிந்தா போனால் ஜெசிந்தாவிலிருந்து ஒரு துண்டு போனதாக இருக்கும், அவ்வளவுதான். இப்படியெல்லாம் ஒரு தாய் நினைப்பாளா. நினைத்தாள்.

முதல் பிள்ளைக்கு யோசிக்கவே இடம் இருக்கவில்லை. மூன்றாம் நாள் விடியும் முன்னால், ஆஸ்பத்திரி மடத்துச் சிஸ்டர் ஒருத்தர் எவர்சில்வர் டம்ளரில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்து, "சாமியார் வர்ற வரைக்கும் தாங்காதும்மா, நானே ஊத்துறேன். என்ன பேரு?" என்று கேட்டார். ஆபத்து என்றால் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், கான்வென்டில் படித்தவளுக்குத் தெரியாதா, மனப்பாடமாகத் தெரியும், பரீட்சைக்கு எழுதியிருக்கிறாள். வாய் வரவில்லை. பென்னிதான் சொன்னான், "பிரகாசி." அவன் அம்மா பேர். தலைப்பெண்ணுக்கு அப்பனைப் பெற்றவள் பேர், அவர்கள் வீட்டு முறை. பிரகாசி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேராலே. தண்ணீர் நெற்றியில் பட்டபோது அது ஒரு தடவை முகத்தைச் சுளித்தது. அது ஒன்றைத்தான் அவள் பிள்ளை தன் சொந்தமாகச் செய்து அவள் பார்த்தாள்.

"ஏட்டி, சாப்பிட்டியா இல்லியா?" அத்தை. பிரகாசியம்மாள். வெயிலில் பாளையங்கோட்டை பஸ்ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள், முகமெல்லாம் வேர்வை, கையில் தூக்குச்சட்டி, இடுப்பில் செருகிய கைக்குட்டையில் முடிச்சு. முப்புடாதி எழுந்து இடம் கொடுக்க, "இரி தாயி, ஒடம்பு பச்சை ஒடம்பு" என்று அவளை அமுக்கி உட்கார வைத்துவிட்டு ஜெசிந்தாவின் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தாள். "பூண்டுக் கொழம்பு. கருவாடு போடல, டாக்டரம்மா ஏசுவாவ. சோத்தோட பெசைஞ்சு தின்னுரு." அப்புறம் கொஞ்ச நேரம் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். "சாமியார்ட்டப் பேசிட்டு வாரேன். சாயங்காலம் நோயாளிய பாக்க வரும்போது அப்படியே வந்து ஊத்திட்டுப் போறேன்னுருக்காரு."

"எதுக்கு அத்தை இப்பவே? வீட்டுக்கு வந்தப்புறம் கோயில்ல வச்சு..."

"வந்தப்புறம் கோயில்ல வச்சு மேளத்தோட செய்வோம், யாரு வேண்டாம்னா. இது ஒரு இதுக்குத்தான்."

எதுக்கு என்று ஜெசிந்தா கேட்கவில்லை. தூக்குச்சட்டி மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"பேரு சொல்லிட்டேன் அவருட்ட." அத்தை கைக்குட்டையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். "என் பேருதான். மொதப் புள்ளையோட போயிருச்சு, அது அந்தரத்துல நிக்கி. திருப்பி எடுத்து இதுக்கு வச்சாத்தான் நெலையா நிக்கும். எங்கம்மை வீட்லயும் அப்படித்தான், எனக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா, அவளும் பிரகாசிதான். அவ போயி அவ பேரத்தான் எனக்கு விட்டாவ. பாரு, நான் கல்லு மாதிரி இருக்கேன்லா?"

இது தெரியாது அவளுக்கு. இத்தனை வருசமாக அத்தை ஒரு செத்த பிள்ளையின் பேரைச் சுமந்துகொண்டு நடக்கிறாள் என்று தெரியாது. சின்ன வயசில் அத்தையை அவள் அம்மா கூப்பிடும்போது, யாரைக் கூப்பிட்டிருப்பாள். பிரகாசி என்று வாசலில் நின்று கூப்பிட்டு இவள் ஓடி வரும்போது அந்த அம்மா முகத்தில் ஒரு நொடி எதுவோ வந்து போயிருக்கும், அதை இவள் பார்த்துப் பார்த்துத்தான் கல்லு மாதிரி ஆகியிருப்பாள். கல்லறைத் தோட்டத்தில் சுவரோரமாய் ஒரு சாண் சிலுவையில் பிரகாசி என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கிறது, மழைக்குக் கரைய, ஒவ்வொரு வருசமும் கல்லறைத் திருநாளுக்கு பென்னி போய் மேலேயே எழுதிவிட்டு வருகிறான். அந்தப் பேரைச் சொல்லி எப்படி இன்னொருத்தியைச் சாப்பிடக் கூப்பிடுவது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு பிரகாசி என்று எப்படி. சார் முதல் வருசமே சொல்லிக் கொடுத்தார், அவர்கள் தொழிலில் ஒரு சட்டம் இருக்கிறது, ஒரு உயிருக்கு வைத்த பேர் வைத்ததுதான். நாளைக்கே எவனாவது வந்து, இது தனி இனம் இல்லை, அந்த இனத்துக்குள்ளேயே அடக்கம் என்று நிரூபித்தாலும், பேர் அடங்கிப் போகுமே தவிர அழியாது. அந்தக் கூட்டத்தில் வேறு எதற்கும் அதை எடுத்து வைக்கக் கூடாது. செத்த பேரும் இடம் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். அன்றைக்குப் பரீட்சைக்குப் படித்தாள். இப்போது அது மெதுவாக, பல் ஏறி வருவது போல, மேலே ஏறி வந்தது.

போன் மறுபடி அதிர்ந்தது. எடுத்தாள்.

"என்னம்மா, உயிரோட இருக்கியா இல்லையா?" கமலநாதன் சார், வழக்கமான சத்தம். "அச்சாபீஸ்காரன் என் கழுத்துல கத்தி வச்சிருக்கான். பாப்பா பேரைச் சொல்லு, லத்தீன் வாலை நான் ஒட்டிக்கறேன்."

"சார், ஒண்ணு கேக்கணும். பேர் வச்சா, அதை அப்புறம் வேற யாருக்கும் எடுத்து வைக்க முடியாதுல்ல?"

"என்ன இது, ஃபர்ஸ்ட் இயர் கேள்வி கேக்கற? யாராலும் முடியாது. உலகம் இருக்கற வரைக்கும் அந்த எலும்புக்குத்தான் அந்தப் பேர்."

"பிரகாசி" என்றாள் ஜெசிந்தா. "என் மூத்த பொண்ணு பேர் சார். இல்லாமப் போனவ."

சார் வேறு குரலில், "சரிம்மா" என்றார். "எழுத்து எழுத்தா சொல்லு. தப்பா எழுதிடக் கூடாது." அவள் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாக, கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து.

போனை வைத்ததும்தான் அத்தை அவளையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. "என் பேரு எதுக்குட்டி போன்ல சொல்லுத?"

மறைக்கத் தெரியவில்லை. சொன்னாள். குகை, கல், அந்தக் காலத்து நாய், ஒரே ஒரு குட்டி, அதற்குப் பேர்.

"நாய்க்கா?" அத்தையின் சத்தத்தில் பெஞ்சே திரும்பியது. "என் பேர நாய்க்கா வச்சிருக்க?"

"அத்தை..."

"ஏட்டி, ஊருக்குள்ள மாமியாள நாயேன்னு ஏசுத மருமவள பாத்திருக்கேன். நாய்க்கு மாமியா பேர வச்ச மருமவள இன்னைக்குத்தான் பாக்கேன்!" முப்புடாதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அத்தைக்குக் கண் சிவந்து, உதடு நடுங்கியது. அது கோபம் மட்டும் இல்லை.

"ஒங்க பேரை வைக்கல அத்தை." ஜெசிந்தாவுக்குக் குரல் எங்கேயோ கீழேயிருந்து வந்தது. "அவ பேரை வச்சேன். அவளுக்குன்னு ஒரு எடம் இல்ல. சிலுவையில எழுதினது கரையுது. அவளைக் கேட்டு வர்றவங்க யாரும் இல்ல. இது கரையாது. அந்தப் பேரை யாரும் அவகிட்டயிருந்து எடுக்க முடியாது. இவளுக்கு எடுத்துக் குடுத்துட்டா அவ இருந்ததே இல்லைன்னு ஆயிடும் அத்தை."

அத்தை கைக்குட்டையை மடித்தாள், இன்னும் மடித்தாள், ஒரு பீடிக்கட்டு அளவுக்கு வரும் வரை. முப்புடாதி சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். மூத்த பிள்ளையைக் குளிப்பாட்டியது அத்தைதான், ஜெசிந்தா மயக்கத்தில் கிடந்தாள், வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் சின்னக் கிரீடம் வைத்து, பெட்டியில் கிடத்தியது எல்லாம் அத்தைதான். அந்த ஒரு மணி நேரம் ஜெசிந்தாவுக்கு இல்லை, அத்தையிடம்தான் இருக்கிறது, கேட்டதும் இல்லை, அத்தை சொன்னதும் இல்லை.

"அந்தக் குட்டி எப்படிச் செத்துச்சாம்?" அத்தை கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"தெரியாது அத்தை. தாய் வெளிய போனது திரும்பி வரலியோ என்னமோ."

"பல்லு மொளைச்சிருந்துச்சா?"

"பால்பல் இருந்துச்சு. பெரிய பல் உள்ளயே இருந்துச்சு. வரல."

அத்தை தலையை ஆட்டினாள், சந்தையில் விலை படிந்த மாதிரி, மெதுவாக. "அப்ப நம்ம புள்ளைக்கு அது மூத்தது." கொஞ்சம் கழித்து, "ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தொணையா இருக்கட்டும்" என்றாள். முகத்தைத் துடைக்கவில்லை, கைக்குட்டை மடிந்தபடியே மடியில் இருந்தது.

கதவு திறந்தது. "ஜெசிந்தா பேபி!"

ஜெசிந்தா எழுந்தாள். அத்தை முதுகில் கைவைத்துத் தள்ளினாள். "போ. ஒம்புள்ளைய கூப்பிடுதாவ." பிறகு பின்னாலிருந்து, "ஏட்டி, அப்ப இதுக்கு என்ன பேருன்னு சொல்லிட்டுப் போ, சாமியாருட்ட நான் மாத்திச் சொல்லணும்லா" என்றாள். ஜெசிந்தா திரும்பினாள். நாக்குக்கு அடியில் இத்தனை மாசம் அழுத்தி வைத்திருந்ததை எடுக்க ஒரு நொடி பிடித்தது. "லீமா" என்றாள். "லீமா ரோஸ்." அத்தை அதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "நம்ம வீட்ல யாருக்கும் இல்லாத பேரு" என்றாள், குறையாகவா நிறையாகவா என்று தெரியவில்லை.

உள்ளே சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள். குழாயை எடுத்திருந்தார்கள். மூக்குக்குக் கீழே பிளாஸ்திரியின் தடம் மட்டும் மீசை மாதிரி. முகம் முழுக்க இப்போதுதான் தெரிந்தது, இவ்வளவு நாளும் பாதி முகத்தைத்தான் பார்த்திருக்கிறாள். நர்ஸ் தூக்கித் துணியோடு அவள் கையில் வைத்தாள், கனமே இல்லை, ஒரு தாடை எலும்பைப் பஞ்சோடு தூக்குகிற கனம்தான். "மெதுவா, கன்னத்து ஓரமா விடுங்க. ஒவ்வொரு சொட்டா. மூச்சு வாங்குனா நிறுத்திடணும்." நர்ஸ் பால் ஊற்றிக் கொடுத்த பாலாடையின் மூக்கை உதட்டில் வைத்தபோது வாய் தானாகத் திறந்தது. ஈறு, வெளிர் ரோஜா நிறம், ஈரம், மொட்டையாக. படித்திருக்கிறாள், அந்த ஈறுக்குள்ளே இப்போதே பால்பல் எல்லாம் இருக்கின்றன, இருட்டில், வரிசையாக, வருவதற்காக. ஒரு சொட்டு விழுந்து நாக்கில் நின்றது. அப்படியே நின்றது. நர்ஸ் மூச்சைக் காட்டும் மெஷினைப் பார்த்தாள். ஜெசிந்தா குனிந்து, அந்தக் காதருகே, வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி மெதுவாகக் கூப்பிட்டாள், "லீமா ரோஸ்."

முகம் சுளித்தது. இந்தச் சுளிப்பை அவள் முன்னாலேயே பார்த்திருக்கிறாள். பிறகு அந்தச் சின்னத் தொண்டையில், தோலுக்கு அடியில், ஏதோ ஒன்று மேலே ஏறி, கீழே இறங்கியது. நாக்கு வெறுமையாக இருந்தது. வாய் மறுபடி திறந்தது.